சிங்கப்பூர் போகும் சிதம்பரத்து வாசகிக்கு

அன்புள்ள அம்மா,

தங்கள் கடிதம் கிடைத்தது. மகளுக்குச் சிங்கப்பூரில் வேலை, ஐப்பசியில் போய் ஒரு மாதம் அவளோடு இருக்கப் போகிறேன், பார்க்க வேண்டிய இடங்களை எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு வரியும் சேர்த்திருக்கிறீர்கள்: கோயில், திருவிழா எதுவும் வேண்டாம், தில்லையில் பிறந்து வளர்ந்தவளுக்கு அங்கே போய்ப் பார்க்க என்ன கோயில் இருக்கிறது என்று. அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். பொறுமையாகப் படியுங்கள்.

மரினா பே, செந்தோசா, தாவரவியல் பூங்கா எல்லாவற்றுக்கும் உங்கள் மகளே அழைத்துப் போவாள். அதற்கு என் கடிதம் தேவையில்லை. நான் சொல்ல வந்தது இரண்டே இரண்டு தெருக்களைப் பற்றி. ஒன்று சவுத் பிரிட்ஜ் ரோடு, இன்னொன்று தெலோக் ஆயர் தெரு. இரண்டும் இன்று சைனா டவுன் என்று சொல்லப்படும் பகுதியிலும் அதை ஒட்டியும் இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போய்விடலாம். கடலூரும் பரங்கிப்பேட்டையும் நாகப்பட்டினமும் சேர்ந்த நம் கரை இருநூறு வருடத்துக்கு முன்னால் போய் இறங்கிய இடம் அது. அந்தத் தெருக்களில் நின்றபோதுதான் என் சொந்த ஊரைப் பற்றி எனக்கு எவ்வளவு குறைவாகத் தெரியும் என்று புரிந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். தம்பி மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு மாலையில் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். உள்ளே திரௌபதி அம்மன் சந்நிதி. அதன் அருகே அரவான். உடல் கிடையாது, தலை மட்டும். அகலமான கண், முறுக்கிய மீசை, கோரைப்பல், மேலே குடை பிடித்தது போல் நாகப்படம். பக்கத்தில் நின்றிருந்த சீன இளைஞர் ஒருவர் என்னைப் பார்த்து இவர் யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அர்ச்சுனனின் மகன், பாண்டவர் வெல்வதற்காகக் களப்பலி ஆனவன், பதினெட்டு நாள் போரையும் வெட்டுண்ட தலையால் பார்க்க வரம் கேட்டவன் என்று சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, உங்கள் ஊரில் இவருக்கு எப்படி விழா எடுப்பார்கள் என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. மஞ்சக்குப்பத்தில் பிறந்து அறுபது வயதைத் தாண்டியவன் நான். பாட்டி ஊர் நெல்லிக்குப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே திரௌபதி அம்மன் கோயில் உண்டு, தீமிதி உண்டு, இரவெல்லாம் கூத்து உண்டு. சின்ன வயதில் முழுப் பரீட்சை விடுமுறைக்குப் போனால் தூரத்தில் கூத்து மேளம் கேட்கும். வீட்டில் எங்களை அனுப்பமாட்டார்கள். வளர்ந்த பிறகு நானாகவும் போகவில்லை. கூவாகமும் அப்படித்தான். சித்திரா பௌர்ணமி தோறும் நாடெங்கிலுமிருந்து திருநங்கைகள் வந்து கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அறுத்து அழுகிற ஊர். அந்தக் கூத்தாண்டவர்தான் அரவான். பழைய தென்னாற்காடு மாவட்டத்துக்குள்ளேயே இருந்த ஊர் அது. நான் பேருந்தில் அந்த வழியாகப் போயிருக்கிறேன், இறங்கியதில்லை.

அந்த இளைஞருக்குப் பதில் சொன்னவர் கோயிலில் தொண்டு செய்யும் ஒரு பெரியவர். சிங்கப்பூரிலேயே பிறந்தவர். அவருடைய பாட்டனாரின் அப்பா தென்னாற்காட்டிலிருந்து வந்தாராம். எந்தக் கிராமம் என்று குடும்பத்தில் யாருக்கும் நினைவில்லை. ஆனால் கொடி என்றைக்கு ஏறும், பாஞ்சாலிக்குக் கல்யாணம் எப்போது, அரவான் களப்பலி எப்போது, படுகளம் எப்போது என்று விரல் விட்டுச் சொன்னார். ஆடியில் தொடங்கி ஐப்பசி வரைக்கும் பாரதக் கதை அங்கே நடக்கிறது. தீமிதி அதன் கடைசி. ஊர்ப் பெயரை மறந்த குடும்பம் விழாவின் வரிசையை மறக்கவில்லை. ஊரிலேயே இருந்த நான் வரிசையைத் தெரிந்துகொள்ளவே இல்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அம்மா.

அந்தக் கோயிலின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராஃபிள்ஸ் 1819-ல் சிங்கப்பூரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கொடியை நாட்டினார். அதே வருடம் பினாங்கிலிருந்து அவரோடு வந்தவர் நாராயண பிள்ளை. செங்கல் சூளை போட்டார், துணி வியாபாரம் செய்தார், ஊரில் முக்கியஸ்தர் ஆனார். 1827-ல் மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் ஒரு கோயிலை எழுப்பி, சின்ன அம்மன் என்று அழைக்கப்பட்ட சிறு திருவுருவத்தை வைத்தார். 1843-ல் அது செங்கல் கட்டடம் ஆயிற்று. அந்தக் கோயிலைச் சுற்றித் திரண்ட தமிழர்கள் கடலூர், நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து போனவர்கள் என்றே அதன் வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். நாகையிலிருந்து போனவர்கள் தர்காவைக் கொண்டுபோனார்கள், அதற்குப் பிறகு வருகிறேன். திரௌபதியைக் கொண்டுபோனது நம்மவர்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. திரௌபதி வழிபாட்டின் தாய்நாடு செஞ்சி. செஞ்சியை ஒட்டிய மேலச்சேரிதான் மூலக்கோயில் என்பார்கள். அங்கிருந்து தென்பெண்ணைக்கும் கெடிலத்துக்கும் இரு கரையிலும் ஊருக்கு ஊர் பாஞ்சாலிக்குக் கோயில் இருக்கிறது. தமிழில் பாரதம் பாடிய வில்லிபுத்தூரார் பிறந்த சனியூரும் இந்தத் திருமுனைப்பாடி நாட்டில்தான். கப்பல் ஏறியவன் துணிமூட்டையோடு இந்தக் கதையையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். ஆரம்ப காலத்தில் தீமிதி நடந்த ஆல்பர்ட் தெருவை அங்கிருந்த தமிழர்கள் தீமிதித் திடல் என்றே சொல்லியிருக்கிறார்கள்.

திரும்பி வந்ததும் முதல் வேலையாக, அடுத்த சித்திரையில் பாட்டி ஊர்த் தீமிதிக்குப் போனேன். பத்து நாளும் போனேன். அதைச் சொல்லாமல் நான் சிங்கப்பூரைப் பற்றிச் சொல்வதில் பொருளில்லை.

மதியம் வெயில் தாழத் தொடங்கும் நேரத்தில் பாரதம் படிப்பார்கள். கீற்றுப் பந்தலில் பிரசங்கியார் ஒரு பாட்டைச் சொல்லி, அதை ஊர்ப் பேச்சில் விரித்துச் சொல்வார். கேட்பவர்களில் பெரும்பாலோர் வயதான பெண்கள். இரவு பத்து மணிக்கு மேல் கூத்து. துகில் உரியும் இரவு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. துச்சாதனன் வேடக்காரர் சேலையில் கை வைப்பதற்கு முன்னால் ஆட்டத்தை நிறுத்தினார். கிரீடத்தோடு அம்மன் இருந்த திசை பார்த்து விழுந்து கும்பிட்டார். நான் வயிற்றுப் பிழைப்புக்காக ஆடுகிறேன் தாயே, குற்றம் பொறுத்துக்கொள் என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டுத்தான் எழுந்தார். முன்வரிசையில் தூங்கி விழுந்துகொண்டிருந்த பிள்ளைகள் உட்பட எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். தபசு நாளில் அர்ச்சுனன் உயரமான கம்பத்தில் பாடிக்கொண்டே ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழத்தையும் விபூதியையும் இறைப்பார். குழந்தை வரம் வேண்டும் பெண்கள் ஈரப் புடவையோடு கீழே மடி ஏந்திக் காத்திருப்பார்கள்.

கடைசி நாள் காலை படுகளம். திடலில் துரியோதனனை மண்ணால் படுக்க வைத்துச் செய்திருப்பார்கள். தலைக்கும் காலுக்கும் முப்பது நாற்பது அடி இருக்கும். மஞ்சளும் சிவப்பும் நீலமும் பூசி, கண் மட்டும் வானத்தைப் பார்த்து விழித்திருக்கும். பீமன் வேடக்காரர் சுற்றிச் சுற்றி ஓடி வந்து தொடையில் கதையால் அடிக்க, உள்ளே புதைத்து வைத்திருந்த சட்டி உடைந்து செந்நீர் கசியும். அதுவரை விரித்த கூந்தலோடு இருந்த பாஞ்சாலிக்கு அதைத் தொட்டுத் தடவி, பூ வைத்து, கூந்தலை முடிவார்கள். அந்த நேரத்தில் என் பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள், எழுபது வயதிருக்கும், தன் கொண்டையை அவிழ்த்துத் திரும்ப முடிந்துகொண்டார். யாரும் சொல்லவில்லை. அவராகச் செய்தார். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை அவருக்கு. அன்று மாலை தீமிதி. பூ என்றுதான் கங்குகளைச் சொல்கிறார்கள். கரகம் எடுத்த பூசாரி முன்னே இறங்க, மஞ்சள் துணி கட்டியவர்கள் பின்னே இறங்கினார்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது. பத்து நாள் கேட்ட கதைக்குப் பிறகு அந்த மூன்று நிமிடம் எப்படி இருந்தது என்று எழுத எனக்கு வார்த்தை வரவில்லை.

இப்போது சிங்கப்பூருக்கு வருகிறேன். தீபாவளிக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு அங்கே தீமிதி நடக்கும். நீங்கள் போகும் மாதமே அதுதான். சிராங்கூன் ரோடு சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து மாரியம்மன் கோயில் வரை ஏறக்குறைய நாலு கிலோமீட்டர் ஊர்வலமாக நடந்து வருவார்கள். பெயர் பதிவு செய்த ஆண்கள் ஆயிரக்கணக்கில் இறங்குவார்கள். குழியைத் தாண்டியதும் கால் நனைக்கப் பால்குழி இருக்கும். கூட்டத்தில் கிட்டே போய்ப் பார்ப்பது கஷ்டம். ஆனால் அதற்கு முன்வரும் வாரங்களில் நடக்கும் சடங்குகளுக்குக் கூட்டம் குறைவு. மகளிடம் சொல்லிக் கோயிலில் தேதி விசாரித்துக்கொள்ளுங்கள். படுகளத்துக்குக் கட்டாயம் போங்கள்.

அங்கே தீயில் இறங்குகிறவர்களில் நம் மாவட்டத்துப் பிள்ளைகள் நிறைய உண்டு. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, காட்டுமன்னார்கோயில் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கும் கப்பல் பட்டறைக்கும் போனவர்கள். ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோட்டுத் தேக்காவில் அவர்களைப் பார்க்கலாம். வெற்றிலை பாக்குக் கடை, பணம் அனுப்பும் கடை, புல்தரை என்று கூட்டமாக இருப்பார்கள். வாரம் முழுதும் வெயிலில் சாரம் ஏறுகிறவர்களுக்கு அந்த ஒரு நாள்தான் சொந்தம். உங்கள் மகளின் அடுக்குமாடி வீட்டுக்கும் அவர்கள் தங்குமிடத்துக்கும் தூரம் அதிகம். நீங்கள் போய் எந்த ஊர் தம்பி என்று கேளுங்கள். சிதம்பரம் என்று நீங்கள் சொன்ன மறுநிமிடம் அவர்கள் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். அதைவிடப் பெரிய காட்சி அந்த நகரத்தில் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

மாரியம்மன் கோயில் வாசலிலிருந்து இடமோ வலமோ சில அடி நடந்தால் தெருப் பெயர்களே கதை சொல்லும். கோயிலுக்கு ஒரு பக்கம் டெம்பிள் ஸ்ட்ரீட், மறுபக்கம் பகோடா ஸ்ட்ரீட். பகோடா என்றது நம் கோபுரத்தை. அடுத்தது மாஸ்க் ஸ்ட்ரீட். அதன் முனையில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல். மாரியம்மன் கோயிலுக்கு ஒரு வருடம் முன்பே, 1826-ல் தோன்றியது. சூலியா என்று பெயர் பெற்றவர்கள் நம் சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள். பழையவர்கள் அதைப் பெரிய பள்ளி என்பார்கள். இன்றும் அங்கே தமிழில் மார்க்க உரை கேட்கலாம். சவுத் பிரிட்ஜ் ரோட்டிலேயே எதிர்த்திசையில் கொஞ்சம் போனால் 2007-ல் திறந்த புத்தர் பல் கோயில். சீனர் வீதியின் நடுவே நகரத்தின் மிகப் பழைய இந்துக் கோயிலும், தமிழ் முஸ்லிம்களின் பள்ளிவாசலும், புத்த ஆலயமும் ஒரே வரிசையில் நிற்கின்றன.

தெலோக் ஆயர் தெருவுக்கு வாருங்கள். மலாயில் தெலோக் என்றால் விரிகுடா, ஆயர் என்றால் தண்ணீர். இன்று சுற்றிலும் வானளாவிய வங்கிக் கட்டடங்கள். அன்று அந்தத் தெருவின் வாசலிலேயே கடல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் கடலைத் தூர்த்து நிலமாக்கினார்கள். கப்பலிலிருந்து இறங்கிய ஒவ்வொரு கூட்டமும் முதலில் அங்கேதான் கைகூப்பியது. நம்மவர்கள் 1828-லிருந்து 1830-க்குள் நாகூர் ஆண்டவர் நினைவாக ஒரு தர்கா கட்டினார்கள். நாகூரில் ஷாகுல் ஹமீது ஆண்டவர் கடலோடிகளைக் காப்பவர் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் அடக்கம் நாகூரில். இங்கே நினைவிடம் மட்டும். சற்றுத் தள்ளி தியான் ஹோக் கெங் கோயில், 1839-ல் தொடங்கி 1842-ல் முடித்தது. ஹொக்கியன் சீனர்களின் மாசூ தேவி அங்கே குடியிருக்கிறாள். அவளும் கடலோடிகளைக் காக்கும் தெய்வம். தென்சீனக் கடலைத் தாண்டி வந்தவனும் வங்கக் கடலைத் தாண்டி வந்தவனும் ஒரே கரையில் இறங்கி, உயிர் பிழைத்ததற்கு அடுத்தடுத்து நன்றி சொல்லியிருக்கிறார்கள். அதே தெருவில் குச்சுப் பள்ளி ஒன்றும் உண்டு. 1827-ல் குடிசையாக ஆரம்பித்ததால் அந்தப் பெயர். தர்கா இப்போது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக இருக்கிறது. உள்ளே போய்ப் பாருங்கள். பரங்கிப்பேட்டைக்காரர்கள் யாராவது உங்களுக்குப் பழக்கம் இருந்தால் போவதற்கு முன்பு அவர்களிடமும் பேசிவிட்டுப் போங்கள்.

கப்பல் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ராஜூலா என்ற கப்பல் ஓய்ந்த பிறகு சென்னையிலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போன கப்பலின் பெயர் ‘சிதம்பரம்’. எண்பதுகளின் நடுவில் தீப்பிடிக்கும் வரை ஓடியது. சிங்கப்பூரில் என் தம்பி மகனின் மாமனார் அதில் வந்தவர். சிதம்பரத்தில் ஏறி வந்தேன் என்று அவர் சொன்னபோது நான் ரயில் ஏறினார் என்று நினைத்துக்கொண்டேன்.

வாட்டர்லூ தெரு கிருஷ்ணன் கோயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1870-ல் தொடங்கியது. பக்கத்திலேயே குவான் இம் அம்மையின் சீனக் கோயில், எந்நேரமும் கூட்டம். அங்கே கும்பிட்டுவிட்டு வரும் சீனர்கள் அப்படியே கிருஷ்ணன் வாசலிலும் நிற்கிறார்கள். அவர்கள் ஊதுவத்தி செருகுவதற்கென்றே வாசலில் ஒரு தொட்டி வைத்திருக்கிறார்கள். நான் பார்த்த ஒரு மூதாட்டி மூன்று வத்தியை நெற்றிக்கு உயர்த்தி மூன்று முறை குனிந்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, குருக்களிடம் குங்குமம் வாங்கி இட்டுக்கொண்டு போனார். காய்கறிப் பை கையில் இருந்தது. சந்தைக்குப் போகிற வழியில் செய்கிற காரியம் அவருக்கு.

இதையெல்லாம் படித்துவிட்டு, அங்கே எல்லாம் இயல்பாக அமைந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. 1964 ஜூலை 21, நபிகள் பிறந்தநாள் ஊர்வலத்தன்று மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் கலவரம் மூண்டு உயிர்கள் போயின. அந்தத் தேதியைத்தான் பள்ளிக்கூடங்களில் இன நல்லிணக்க நாளாக வைத்திருக்கிறார்கள். தீபாவளிக்கு 1929-லிருந்து விடுமுறை இருக்கிறது. தைப்பூசத்துக்கு இருந்த விடுமுறை 1968-ல் போயிற்று. இன்றுவரை திரும்பவில்லை, அது பற்றித் தமிழர்களுக்கு மனக்குறை உண்டு. தமிழ் அங்கே நாலு ஆட்சிமொழிகளில் ஒன்று. பணத்தாளில் சிங்கப்பூர் என்று தமிழில் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. விட்டுக்கொடுத்ததும் கேட்டு வாங்கியதும் அவர்கள் கணக்கில் இரண்டும் இருக்கின்றன.

நம் ஊருக்கும் இந்தக் கணக்கு உண்டு. தேவனாம்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் கிடங்கு வைத்திருந்தார்கள். 1690-ல் அங்கிருந்த கோட்டையை மராட்டியரிடமிருந்து வாங்கிய ஆங்கிலேயர், பீரங்கிக் குண்டு விழுந்த தூரம் வரைக்கும் எல்லையாக எடுத்துக்கொண்டார்கள். குண்டு கிராமங்கள் என்ற பெயர் அதனால் வந்தது. சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்த 1746-லிருந்து 1752 வரை கம்பெனியின் தென்னிந்தியத் தலைமையிடமே இந்தச் செயிண்ட் டேவிட் கோட்டைதான். பரங்கிப்பேட்டையில் அரபியரும் போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் டேனிஷ்காரரும் வந்து போனார்கள். பல சாதி, பல மொழி, பல மதம் கலந்து புழங்கிய துறைமுகம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டுதான் நம்மவர்கள் சிங்கப்பூருக்குப் போனார்கள். சூலியாவும் மாரியம்மனும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் குடியேறியதில் ஆச்சரியம் இல்லை. புறப்பட்ட ஊரிலும் அப்படித்தான் இருந்திருக்கிறார்கள்.

இருந்திருக்கிறார்கள் என்று ஏன் சொல்ல வேண்டும், இன்றும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டிலிருந்து பிச்சாவரம் போகும் சாலையில்தான் கிள்ளை. மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பூவராகப் பெருமாள் ஊர் ஊராகத் தங்கி, கிள்ளை முழுக்குத்துறைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்வார். வழியில் தைக்காலில் ஒரு தர்கா. சையத் ஷா ரஹ்மத்துல்லா அவுலியாவின் அடக்கத்தலம். பெருமாள் அங்கே நிற்பார். முஸ்லிம் பெரியவர்கள் தாம்பாளத்தில் பட்டும் மாலையும் பழமும் கொண்டு வந்து எதிர்கொள்வார்கள். பட்டர் வாங்கிச் சாற்றி, தீபாராதனை காட்டுவார். பிறகு பெருமாளுக்குச் சாற்றிய மாலை தர்காவுக்குள் போகும். அடக்கத்தின் மேல் அதைப் போர்த்தி, பாத்தியா ஓதி, சர்க்கரை கொடுப்பார்கள். நான் நின்றிருந்த வருடம் என் உள்ளங்கையில் ஒரு சின்னப் பையன் சர்க்கரையை வைத்தான். இன்னொரு கையில் துளசி இருந்தது. வெயிலில் இரண்டும் ஒட்டிக்கொண்டன. கூட்டத்தில் யாரும் அதைப் பெரிய விஷயமாகப் பேசவில்லை. தீர்த்தவாரிக்கு நேரமாகிறது என்று அவசரப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

சிதம்பரத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனியிலும் மார்கழியிலும் தேர் நாலு வீதியும் சுற்றி வரும்போது, பருவதராஜகுல மீனவர்கள் சிவகாமி அம்மனுக்குச் சீர் கொண்டு வருகிறார்கள். தங்கள் வீட்டுப் பெண் என்று. எத்தனை தேர் பார்த்திருப்பீர்கள்! அந்தச் சீர்த்தட்டுக்குப் பக்கத்தில் என்றைக்காவது நின்றிருக்கிறீர்களா? நான் உங்களைக் குறை சொல்லவில்லை. அறுபது வயது வரை நான் நின்றதில்லை என்பதால் கேட்கிறேன். அங்கே அந்தச் சீன இளைஞர் கேட்டது போல உங்களிடமும் யாராவது கேட்பார்கள். நீங்கள் ஆசிரியராக இருந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் பதில் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இப்போது வைகாசி. ஐப்பசிக்கு ஐந்து மாதம் இருக்கிறது. ஆடி வரைக்கும் நம் பக்கத்தில் தீமிதி நடந்துகொண்டுதான் இருக்கும். புவனகிரிப் பக்கமோ, சேத்தியாத்தோப்புப் பக்கமோ விசாரித்து ஒரு படுகளத்துக்காவது காலையிலேயே போய் நில்லுங்கள். முடிந்தால் முந்தைய இரவு கூத்திலும் உட்காருங்கள். பாயும் சால்வையும் எடுத்துக்கொள்ளுங்கள், விடிகாலையில் பனி இறங்கும். பக்கத்தில் இருக்கும் வயதான பெண்மணியிடம் பேச்சுக் கொடுங்கள், கதை முழுதும் அவர் சொல்வார். அதன் பிறகு சிங்கப்பூருக்குப் போங்கள். சவுத் பிரிட்ஜ் ரோட்டில் அரவான் முன்னால் நிற்கும்போது உங்கள் மகளையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அவளுக்குச் சொல்லுங்கள். அந்தத் தொண்டரைப் பார்த்தால் கடலூர்க்காரர் ஒருவர் ஊருக்குப் போய்ப் பாரதம் கேட்டுவிட்டார் என்று தெரிவியுங்கள்.

தீபாவளி முடிந்து, மழையெல்லாம் ஓய்ந்து, தை கழிந்து மாசி வரும்போது நீங்கள் திரும்பி வந்திருப்பீர்கள். மகத்தன்று காலையில் பிச்சாவரம் பேருந்தில் ஏறிக் கிள்ளை தைக்காலில் இறங்கிக்கொள்ளுங்கள். தர்கா வாசலில் நான் நிற்பேன்.

அன்புடன்,
மஞ்சக்குப்பம், கடலூர்